பதினேழாவது மோட்டார்

எங்கள் டிரான்ஸ்பார்மரின் கீழே முதன்முதலாக ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய புண்ணியவதி நான்தான். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ஆளாளுக்கு வந்து வேடிக்கை பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு சின்னத் தகரப் பெட்டி. கிணற்று மோட்டாரோடு அதை இணைத்துவிட்டால், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். ஆள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. நான் திருவண்ணாமலை டவுனில் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துவிட்டு, எண்பத்தொன்பதில் அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த கொஞ்ச காலத்திலேயே விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்று ஆனது. என் கால் ராசி என்று மாமியார் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இலவசம்தான், ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் கிடையாது. மோட்டார் ஓடுகிற மூன்று பேஸ் கரண்ட் பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் இன்னும் கொஞ்ச நேரம். என் வீட்டுக்காரர் தினமும் டார்ச் லைட்டோடு வரப்பில் போய் வருவார். ஒரு தடவை மோட்டார் கொட்டகை வாசலில் கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தார். மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே டவுனுக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கிவந்தேன். கட்டிக்கொண்ட மனுஷன் பாம்பிடம் மாட்டாமல் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

எங்கள் டிரான்ஸ்பார்மரில் பதினேழு மோட்டார்கள். அதை ஒட்டிய முதல் வயல் எங்களுடையது. மேற்கே போகப் போக ஒவ்வொருவர் வயலாக வந்து, கடைசி வயல் என் மச்சாண்டாருடையது. என் வீட்டுக்காரருக்கு அவர் பெரியப்பா மகன். எங்கள் வீட்டில் மச்சாண்டாரையும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் பெட்டி வாங்கினார்கள். அவர் மட்டும் வாங்காமல், ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, படிச்சவ நீ. எல்லாரும் இத மாட்டிட்டா, கரண்டு வந்ததும் எல்லா மோட்டாரும் ஒண்ணாதான கெளம்பும்? டிரான்ஸ்பார்மரு தாங்குமா?”

“ஒண்ணும் ஆவாதுங்க மாமா. நீங்களும் மாட்டிக்கோங்க” என்றேன். அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூட நிறுத்தவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் கேட்டதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். மோட்டார் ஓடும்போது இழுக்கிற கரண்டைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். இதைப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதி, படம் போட்டு, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் இருந்த மோட்டாரும் எங்கள் கிணற்றடியில் இருந்த மோட்டாரும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த திமிர் என்று ஒன்று உண்டு. அது படித்ததையே மறக்கடித்துவிடும்.

மச்சாண்டாரும் மாட்டினார். பதினேழும் ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் பௌர்ணமிக் கூட்டம் பெருத்துவிட்டது. கிரிவலப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி அன்றைக்கு வயலில் ஆளே இருக்காது. மச்சாண்டார் சைக்கிள் ஸ்டாண்டு போடுவார், என் வீட்டுக்காரர் இளநீர் சீவுவார், நான் மோர் ஊற்றுவேன். தண்ணீர் பாய்ச்சுகிற வேலையைப் பெட்டியிடம் விட்டுவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிடுவோம். அப்படி ஒரு பௌர்ணமியில் மத்தியானம் கரண்ட் போனது. பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்ப வந்தது. ஆளில்லாத வயல்களில் பதினேழு பெட்டிகளும் எப்போதும்போல ஒரே நொடியில் மோட்டாரைப் போட்டன. அதுவரை எப்படியோ தாங்கிவந்த டிரான்ஸ்பார்மர் அன்றைக்குத் தாங்கவில்லை.

டொம் என்று ஒரு சத்தம். வயல் பக்கம் நீலமாக ஒரு வெளிச்சம் எழுந்து அடங்கியது. மலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஜனம் அப்படியே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கும்பிட்டது. ஒரு அம்மா என் மோர்ப் பானைக்கு முன்னாலேயே விழுந்து கும்பிட்டார். அவர் தரிசித்தது எங்கள் டிரான்ஸ்பார்மர் வெடித்த ஜோதி என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது நெல் பால் பிடிக்கிற பருவம். கதிருக்குள் பால் கட்டுகிற அந்தச் சில நாள் தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளே அரிசி இருக்காது, வெறும் பதர்தான். மாற்று டிரான்ஸ்பார்மர் வர இரண்டு வாரம் ஆயிற்று. ஊரில் இரண்டு பேரிடம் பழைய டீசல் இன்ஜின் இருந்தது. அது கக்கிய கரும்புகையில் வரப்பில் நிற்க முடியாது. அதை ஆளுக்கு ஒரு நாளாக இழுத்துக்கொண்டு போய் ஒரு தண்ணீர் பாய்ச்சினோம். கடைசி வயலுக்கு அது போய்ச் சேர்வதற்குள் மச்சாண்டாரின் பயிரில் பாதி பதராகிவிட்டது.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் ஒரு கல் என்பதுபோல் தாண்டிப் போவார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னை விட்டுவிட்டு எங்கள் எருமையிடம் சொல்வார். “மாட்டப் புடிச்சிக் கட்டச் சொல்லு” என்று அவர் எருமையிடமே சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

டிரான்ஸ்பார்மரைக் கட்டி முடித்த லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கியதும் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இது பழுது பாத்து வந்த பழசு. புதுசு இல்ல. இதுவும் வெடிச்சா இந்த போகத்துக்கு வேற கெடைக்காது. அப்பறம் என்னத் திட்டாதீங்க.”

இன்னும் நாலு தண்ணீர் பாய்ந்தால் எங்களுக்கு நெல், இல்லாவிட்டால் வெறும் வைக்கோல். மச்சாண்டாருக்கு மிஞ்சிய பாதியும் அந்த நாலு தண்ணீரில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே பால் சொசைட்டி வாசலில் எல்லோரும் கூடினார்கள். எல்லோருடைய வாயிலும் ஒரே பேச்சு. வேங்கிக்கால் கரண்ட் ஆபீசுக்குப் போய் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்க வேண்டும்.

லைன்மேன் பால் வாங்க வந்தவர், நின்று கேட்டுவிட்டு, “கேளுங்க, தப்பில்ல. ஆனா டிரான்ஸ்பார்மர பெரிசா வெச்சா கெணத்துல தண்ணி ஜாஸ்தி ஆயிடுமா?” என்றார். யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவரைப் பார்த்துப் பாலை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் கிணறு மூன்று மணி நேரம் இறைத்தால் அடி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். பெட்டி மாட்டிய நாளிலிருந்து யாரும் கிட்டே போய்ப் பார்க்காததால், பகலில் பாதி நேரமும் ராத்திரி கரண்ட் இருக்கிற நேரம் முழுக்கவும் அது காற்றை இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இலவசம் என்பதால் காற்றை இறைப்பதும் எங்களுக்கு வலிக்கவில்லை.

யாருக்கு வலித்தது என்பது நாத்தனார் வந்தபோது தெரிந்தது. கடலோரத்தில் ஒரு அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வாரம் பிள்ளைகளோடு வந்திருந்தாள். துணி காயப்போடும்போது, கொடியில் இருந்த வெள்ளை வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எவ்ளோ வெள்ளையா இருக்கு அண்ணி! எங்க ஊர்ல வெள்ளத் துணிய வெளிய போட முடியாது. கரி எரிச்ச சாம்பல் வந்து ஒக்காந்துக்கும்.” பிறகு விளையாட்டாகச் சொன்னாள்: “நீங்க இங்க மோட்டாரு போடறீங்க, நான் அங்க சாம்பல் தொடைக்கிறேன்.”

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொடியடியிலேயே நின்றேன். எங்கள் வெறும் கிணற்றில் காற்றை இறைத்த கரண்டுக்காகவும் எங்கோ கரி எரிந்திருக்கிறது, அது அவள் பிள்ளைகளின் சட்டையில் போய்ப் படிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். வரிசையில் குடங்கள் நின்றன. பாதிப் பேர் அங்கே இல்லை. ஒருத்தி உடைந்த பக்கெட்டை இடத்துக்கு வைத்துவிட்டுப் போயிருந்தாள், ஒருத்தி செங்கல்லை வைத்திருந்தாள். ஆனாலும் முறை தப்பவில்லை. செங்கல்லின் முறை வந்தால், செங்கல்லுக்குச் சொந்தக்காரியைக் கூவிக் கூப்பிடுவார்கள். குழாயடிச் சண்டை என்று ஆம்பிளைகள் எங்களைக் கேலி பேசுவார்கள். ஒரு குழாயில் நாற்பது குடம் நிரம்புகிறது. ஒரு டிரான்ஸ்பார்மரில் பதினேழு ஆம்பிளைகளுக்கு முறை வைக்கத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பால் சொசைட்டி வாசலுக்கு நானும் போனேன். கூட்டத்தில் பொம்பளை நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே போகச் சொன்னார். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

“மொதல்ல பெட்டி வாங்கிட்டு வந்தது நான்” என்று ஆரம்பித்தேன். “மாமா என்கிட்ட வந்து கேட்டாரு. ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். ஆவும்னு எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். யோசிக்காம சொல்லிட்டேன். அவரு பயிரு போனதுக்கு நான்தான் காரணம்.”

மச்சாண்டார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். எல்லோரும் பெட்டியைக் கழற்ற வேண்டும். கிழக்கிலிருந்து வயல் வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக மோட்டார் போட வேண்டும். முன்னால் இருப்பவர் மோட்டார் கிளம்பி, அதன் சத்தம் ஒரே சீராகும்வரை காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவர் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் பன்னிரண்டு பேர், அடுத்த மூன்று மணி நேரம் மீதி ஐந்து பேர். பகல் கரண்டே போதும். ராத்திரியில் யாரும் வயலுக்குப் போக வேண்டாம்.

“மொத வயலு உங்குளுது. அதான் நோவாம சொல்ற” என்று ஒருவர் கேட்டார்.

“நான் மொதல்ல இல்ல. கடைசி. மாமாவுக்கும் அப்புறம், பதினேழாவது” என்றேன். இதை நான் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் முன்னால், “அவ சொன்னா சொன்னதுதாம்பா” என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்மேல் அவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை.

மறுநாள் காலையில் நான் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வாசல் பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. எதிரே டிரான்ஸ்பார்மர் கம்பம். ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஏமாற்றினாலும் மற்றவர்களும் பாய்ந்து அமுக்குவார்கள், அதோடு போகமும் போகும். ஒரு சத்தமும் இல்லை. பிறகு பக்கத்து வயலில் ஒரு மோட்டார் உறுமிக் கிளம்பி, சீரானது. அதற்கு அப்பால் இன்னொன்று. இன்னும் தள்ளி இன்னொன்று. விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது சத்தமும் கேட்டுச் சீரானது. மூன்று மணி நேரம் கழித்து அவை ஒவ்வொன்றாக அடங்கின. மீதி நாலு கிளம்பின. கடைசியாக நான் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்ததும் அதில் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நாலு தண்ணீரும் பாய்ந்தது. நெல் வந்தது. மச்சாண்டாரின் மிஞ்சிய பாதியும் வீடு வந்து சேர்ந்தது.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் பெட்டியைக் கழற்றிவிட்டதாகச் சொல்லி, கழற்றாமலே அதன்மேல் வைக்கோலைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். முன்னால் இருந்தவர் போடுவதற்குள் அவருடைய மோட்டார் கிளம்பி, சத்தமே அவரைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் குழாயடிக்கு அவர் வீட்டுக் குடம் வந்தபோது, பெண்கள் அதைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தார்கள். இரண்டு நாளில் பெட்டி கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் டிரான்ஸ்பார்மர் வெடிக்கவில்லை. வோல்டேஜ் கம்மியாகி மோட்டாரின் கம்பிச்சுருள் அடிக்கடி எரிவதும் நின்றது. பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதிய மனு என் வீட்டுக்காரரின் சட்டைப் பையிலேயே இருந்து, துவைப்பதில் கரைந்துபோனது.

டி.வி.யில் அடிக்கடி நாட்டுக்கு எந்த மின்சாரம் நல்லது என்று பெரிய மனிதர்கள் வாதம் செய்வார்கள். நிலக்கரியா, அணுவா, அணையா, காற்றாலையா. எதை எடுத்தாலும் ஒரு ஊருக்கு லாபம், இன்னொரு ஊருக்குக் கஷ்டம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்சி பேசுவார். எனக்கு எது சரி என்று இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் எதைக் கொண்டுவந்தாலும், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கக் காத்திருந்தால் அது தாங்காது என்று மட்டும் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, வேங்கிக்காலில் ஒரு கண்காட்சியில் வெயிலில் ஓடுகிற பம்பு வைத்திருந்தார்கள். அது விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் ஊற்றியது. “எங்க வூட்டுக் கொழந்தகூட இத்தவிட ஜாஸ்தி பேயும்” என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பகல் கரண்டே போதும் என்று நாங்கள் கண்டுபிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பகலில் மூன்று மணி நேரம் என்றால், அதை என்றாவது ஒரு நாள் வெயிலே கொடுத்துவிடும். திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாத்தனாரின் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது கொடியில் வெள்ளைத் துணி காயும் என்று தோன்றியது.

அந்த வருஷம் மழை கம்மி. நாங்கள் நாற்று நடவே தாமதமாகிவிட்டது. மற்றவர்களுடைய நெல் பால் பிடித்து முடித்திருந்தபோது, எங்களுடையது அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் கரண்ட் ஒரு மணி நேரம் முன்னாலேயே நின்றுவிடும் என்று லைன்மேன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் போட்டுச் சீராகும் நேரம் போக, பதினேழாவது ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டபடி கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டும் ஓடி அடங்கின. பதின்மூன்று கிளம்பியது. பதினாலு. பதினைந்து. பதினாறாவது கிளம்பவில்லை.

இத்தனை வருஷத்தில் மச்சாண்டார் தன் முறையை விட்டதே இல்லை. வயதாகிவிட்டது, தனியாகத்தான் போவார். கிணற்றடியில் வழுக்கி விழுந்திருப்பாரோ என்று பதைத்து, முறைகூட மறந்து, மேற்கே வரப்பில் ஓடினேன்.

அவர் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. பொத்தானைத் தொடவே இல்லை.

“மாமா, ஏன் போடல? உடம்பு சரியில்லயா?”

சுற்றிலும் எருமை எதுவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“வரும்போது பாத்தேன். உன் பயிரு தல தொங்குது. இன்னிக்கு நீ போட்டுக்கோ. மிச்சம் இருந்தா நான் போட்டுக்கறேன்.”

“அன்னிக்கு நான் சொன்னது...” என்று இழுத்தேன்.

“நீ சொன்னது இன்னாம்மா. ஆவும்னு எனக்கும் தெரியும். தெரியாமலா உன்கிட்ட வந்து கேட்டேன்? எல்லாரும் மாட்டறாங்களே, நான் மட்டும் ஏமாளியான்னு நானும் மாட்டினேன். பழிய உன் தலைல போட்டுட்டு இத்தினி வருசம் இருந்துட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “போ, போ. நேரமாவுது பாரு.”

நான் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவந்து பொத்தானை அமுக்கினேன். மோட்டார் உறுமியது, சீரானது, வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. மேற்கே காதை வைத்துக்கொண்டு நின்றேன். என் மோட்டாரின் சத்தம் அங்கே கேட்டு, அது சீராகும்வரை அவர் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், கடைசி வயலில் இருந்து, பதினேழாவது மோட்டார் கிளம்பியது.